காம்ப்ரிஹெண்டா, டங்ஸா? மொழி மந்திரம் எடுக்கும் முன்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டம் ஆடும் எந்த மேசையிலும், விசார்ட் (புத்தகத்திலிருந்து மந்திரம் கற்பவர்) ஐந்தாம் லெவலைத் தொட்டதும் ஒரே பேச்சுதான்: ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம். மொரிஷியஸின் காத்ர் போர்னில் கூடும் எங்கள் குழுவிலும் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தோம். ஆனால் எங்கள் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், சொல்லும் கதை ஒரு தீவுக்கூட்டத்தில் நடக்கிறது. ஒரு துறைமுகத்தில் கணக்கெழுதுவது குள்ளர்கள், அடுத்ததில் கப்பல் ஓட்டுவது ஆர்க்குகள், கரையோரக் குகைகளில் கடல்மக்கள். ஊருக்கு ஊர் பேச்சு மாறுகிறது. அதனால் விசார்ட் ஆடும் தம்பி, "அக்கா, டங்ஸ் எடுத்துக்கவா, இல்ல காம்ப்ரிஹெண்டே போதுமா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அவனுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் விரிவாகவே எழுதலாம் என்று தோன்றியது, ஏனென்றால் டங்ஸ், காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ் என்ற இந்த இரண்டையும் 'சின்ன மொழி மந்திரம், பெரிய மொழி மந்திரம்' என்று நினைத்து எடுப்பவர்கள்தான் அதிகம். இவை அப்படி அண்ணன் தம்பி இல்லை. செய்யும் வேலையே வேறு. நான் சொல்வது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்து. 2024 பதிப்பில் மாறியதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ். முதல் லெவல் மந்திரம். ஒரு சிட்டிகை புகைக்கரியும் உப்பும் வேண்டும். போட்டால் ஒரு மணி நேரம் நிற்கும், கான்சென்ட்ரேஷன், அதாவது மனத்தை அதிலேயே நிறுத்தி வைப்பது, தேவையில்லை. காதில் விழும் எந்தப் பேச்சுக்கும் நேர்ப்பொருள் புரியும். எழுத்தும் புரியும், ஆனால் எழுத்து இருக்கும் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஒரு பக்கம் படிக்க ஒரு நிமிடம் ஆகும். பேச மட்டும் முடியாது. போட்டவருக்கு மட்டுமே பலன், வேறொருவருக்குக் கொடுக்கவும் முடியாது.

'தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்' என்ற அந்தச் சின்ன நிபந்தனையைப் பலர் கவனிக்காமலே ஆடுகிறார்கள். கவனித்து ஆடினால் ஆட்டத்தின் சுவையே அதில்தான். குள்ளர்களின் சுங்கச்சாவடியில் ஒரு பேரேடு இருந்தது. இரும்புக் கம்பிக்குப் பின்னால், மேசைமேல் திறந்தபடி. எங்கள் பார்ட் (பாடகர்) வாசலில் காசுப்பையைக் கொட்டிக் கவிழ்த்து ஆளைக் கூப்பிட, விசார்ட் கம்பிக்குள் கையை விட்டு இரண்டு விரலைத் தாளில் வைத்தான். டிஎம் உடனே கேட்டார்: "எந்தப் பக்கம்?" பேரேடு தடிமனானது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்றால் முழுவதும் படிக்க வழியே இல்லை, காவலாளி அதற்குள் திரும்பிவிடுவான். தம்பி கொஞ்சம் யோசித்து, மை இன்னும் பளபளக்கிற பக்கத்தை எடுத்தான். அன்று காலை இறங்கிய சரக்கின் விவரம் அதில்தான் இருந்தது. டங்ஸ் போட்டிருந்தால் இந்தக் காட்சியே இல்லை, ஏனென்றால் டங்ஸுக்கு எழுத்து புரியாது. ஒரு எழுத்துகூட.

தொடும் நிபந்தனையைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. கோபுர உச்சியில் செதுக்கிய எழுத்தைத் தொட முடியாவிட்டால் மைப்படி எடுத்துவிடுங்கள். நம் ஊர்க் கல்வெட்டு ஆய்வாளர்கள் செய்வதுபோலத் தாளை ஒட்டி, தட்டி, மை ஒற்றி எடுத்துக்கொண்டு, விடுதிக்கு வந்து நிதானமாக அந்தத் தாளைத் தொட்டுப் படிக்கலாம். ஏறத் தெரிந்த ரோக் (திருட்டுக் கலையில் தேர்ந்தவர்) இருந்தால் போதும். கையால் பார்த்து எழுதிக்கொள்வதும் வழிதான், ஆனால் தெரியாத எழுத்தைப் பிழையில்லாமல் வரைய முடியுமா என்று டிஎம் பகடை போடச் சொல்லலாம். இங்கே ஒரு உதவி: ஆர்க், கோப்ளின், ஜயண்ட், நோம் மொழிகள் எல்லாமே குள்ளர் எழுத்தில்தான் எழுதப்படுகின்றன. குழுவில் குள்ளர் மொழி தெரிந்த ஒருவர் இருந்தால், ஆர்க் அறிவிப்பின் பொருள் தெரியாவிட்டாலும் எழுத்துகளைச் சரியாகப் பிரதி எடுத்துவிடுவார்.

அடுத்து ரிச்சுவல், அதாவது மந்திரத்தைச் சடங்காக நிதானமாகப் போடுவது. காம்ப்ரிஹெண்டை எடுப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. கூடுதலாகப் பத்து நிமிடம் செலவழித்தால் ஸ்லாட் (இத்தனை முறைதான் மந்திரம் போடலாம் என்ற அளவு) ஒன்றும் போகாது. விசார்டாக இருந்தால் அதை அன்றைக்குத் தயார் செய்திருக்கக்கூட வேண்டாம், மந்திரப் புத்தகத்தில் இருந்தாலே போதும். லெவல் ஏறும்போது கிடைக்கும் இலவச மந்திரங்களில் ஒன்றை இதற்குச் செலவழிக்கவும் வேண்டாம். எங்காவது ஒரு பிரதி கிடைத்தால் இரண்டு மணி நேரமும் 50 பொற்காசும் செலவழித்து எழுதிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க இலவசம். ஊருக்குள் நுழையும் முன் சாலையோரம் உட்கார்ந்து போட்டுக்கொண்டு போகலாம். போடும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதால், கேட்க வேண்டியவர்களின் முன்னால் போடாமல் இப்படி முன்கூட்டியே போடுவதுதான் புத்தி.

எல்லோருக்கும் இந்தச் சலுகை இல்லை. பார்ட் கற்றிருந்தால் ரிச்சுவலாகப் போடலாம். 2014 விதியில், பிறவியிலேயே மந்திரம் வாய்த்த சார்சரரால் முடியாது. வேறொரு சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெறும் வார்லாக் அதற்கென்று தனியாக ஒரு இன்வகேஷன் (கூடுதல் திறன்) எடுத்தால்தான் உண்டு. 2024இல் இது தளர்ந்துவிட்டது. ரிச்சுவல் குறியுள்ள மந்திரத்தைத் தயாராக வைத்திருக்கும் யாரும் அப்படிப் போடலாம்.

ஆனால் எனக்கு இந்த மந்திரத்தின்மேல் இருக்கும் மரியாதைக்குக் காரணம் விலை இல்லை. எதிரே இருப்பவருக்கு நமக்குப் புரிகிறது என்று தெரியாது. மொரிஷியஸில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சந்தையில் இரண்டு கடைக்காரர்கள் போஜ்புரியில் விலை பேசிக்கொள்வார்கள், எதிரே நிற்கும் தமிழ்ப் பாட்டிக்கு போஜ்புரி நன்றாகவே தெரியும், முகத்தில் காட்டாமல் கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டிருப்பார். அப்புறம் கிரியோலில் அவர் கேட்கும் விலை சரியாக இருக்கும். காம்ப்ரிஹெண்ட் கொடுப்பது அந்தப் பாட்டியின் பலம். உளவு பார்க்கிற, பதுங்கிக் கேட்கிற, கைதியாகப் பிடிபட்டுக் காவலர்களின் பேச்சைக் கேட்கிற எந்தக் காட்சியிலும் டங்ஸைவிட இதுவே மேல் என்று உறுதியாகச் சொல்வேன். கைதிக் காட்சியில் மட்டும் ஒரு நிபந்தனை: பிடிபடும் முன்பே போட்டிருக்க வேண்டும். கட்டிய கையோடு கரியும் உப்பும் எடுக்க முடியாது.

குறை என்ன? நேர்ப்பொருள் மட்டும்தான். 'அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம்' என்று ஒரு ஆர்க் கிழவி சொன்னால், விசார்டுக்குக் கேட்பது கையை நனைப்பது பற்றித்தான். பகையாளி வீட்டில் சாப்பிட மாட்டார்கள், அதாவது நாளை விருந்துக்கு வர மாட்டார்கள் என்பது ஆடுகிறவர் ஊகிக்க வேண்டியது. எங்கள் டிஎம் இதை அழகாகக் கையாள்கிறார். சொலவடைகளை அப்படியே கொடுத்துவிட்டு அமைதியாக இருப்பார். மேசையைச் சுற்றி ஐந்து பேர் அதைப் பிரித்துப் பேசுவோம். ரகசியக் குறியீட்டையும் இந்த மந்திரம் உடைக்காது. குறியீட்டுக் கடிதத்தில் மேலே தெரியும் சொற்கள் புரியும், உள்ளே ஒளித்தது புரியாது.

இனி டங்ஸ். மூன்றாம் லெவல். களிமண்ணில் செய்த சின்னப் படிக்கோபுரம் ஒன்று வேண்டும். ஒருவரைத் தொட்டுப் போட வேண்டும், ஒரு மணி நேரம் நிற்கும், இதற்கும் கான்சென்ட்ரேஷன் இல்லை. தொடப்பட்டவருக்கு எந்தப் பேச்சும் புரியும். அவர் பேசினால், ஏதாவது ஒரு மொழியாவது தெரிந்து, அவர் குரலைக் கேட்கும் யாருக்கும் புரியும். 2024இல் கேட்கும் பேச்சோடு சைகை மொழியையும் இரண்டு மந்திரங்களிலும் சேர்த்திருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம் அது. மிருகங்களோடு பேச இது உதவாது. ஓநாய்க்கு மொழி தெரியாது. அதற்கு வேறு மந்திரம் இருக்கிறது.

டங்ஸின் பெரிய பலம் 'தொட்டுப் போடுவது'. பேச்சுத் திறமை விசார்டுக்கு இருப்பது அபூர்வம். கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) இருக்கும் பாலடினுக்கோ (புனித வீரர்) பார்டுக்கோ போட்டுவிட்டு விசார்ட் பின்னால் நிற்கலாம். கடல்மக்களின் அரசியிடம் எங்கள் பாலடின் பேசியபோது, அவர் சொன்ன ஒவ்வொன்றும் அரசிக்கும், அவள் காவலர்களுக்கும், அங்கே விலங்கிட்டு நின்ற கைதிகளுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பல மொழிக்காரர்கள் கூடிய சபை, கலவரக் கூட்டம், சமாதானப் பேச்சு என்றால் டங்ஸுக்கு ஈடே இல்லை. கான்சென்ட்ரேஷன் இல்லாததால் அதே நேரத்தில் இன்னொரு மந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவும் முடிகிறது. ஒருவரைச் சொன்னபடி செய்ய வைக்கும் சஜெஷன் போன்ற மந்திரங்களுக்கு எதிராளி நம் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. மொழி தெரியாத எதிரிமேல் அவற்றைப் போட டங்ஸ் கதவைத் திறக்கிறது.

அதே பலம்தான் பலவீனமும். அந்த ஒரு மணி நேரமும் உங்கள் குரல் கேட்கும் தூரத்தில் ரகசியம் கிடையாது. பக்கத்தில் நிற்கும் தோழனிடம் குள்ளர் மொழியில் "கையெழுத்துப் போடாதே" என்று சொன்னாலும் அரசிக்கும் புரிந்துவிடும். மெதுவாகச் சொல்லுங்கள், அல்லது வாயை மூடிக்கொள்ளுங்கள்.

விலையைப் பாருங்கள். ஐந்தாம் லெவல் விசார்டுக்கு மூன்றாம் லெவல் ஸ்லாட் இரண்டே இரண்டு. டங்ஸுக்கு ரிச்சுவல் குறி இல்லை. ஒரு பேச்சுவார்த்தைக்கு ஒன்று போனால், பேச்சு முறிந்து சண்டை வெடிக்கும்போது மிச்சம் ஒன்றுதான். புத்தகத்தில் எழுதிக்கொள்ள ஆறு மணி நேரம், 150 பொற்காசு. இவ்வளவும் கொடுத்து வாங்கியதை எத்தனை அமர்வில் ஒருமுறை போடுவீர்கள்?

இங்கேதான் யார் எடுப்பது என்ற கேள்வி முக்கியமாகிறது. டங்ஸை விசார்ட் எடுக்க வேண்டாம், கிளெரிக் (தெய்வத்தின் அருளால் மந்திரம் போடுபவர்) எடுக்கட்டும் என்பது என் கருத்து. சொல்லப்போனால் கிளெரிக் எடுக்கவே வேண்டாம். அவர் பட்டியலில் அது ஏற்கெனவே இருக்கிறது. இரவு தூங்கி எழுந்ததும் அன்றைய மந்திரங்களை மாற்றி அமைத்துக்கொள்ளும் உரிமை கிளெரிக்குக்கு உண்டு. நாளை அரசியைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்தால் காலையில் டங்ஸைத் தயார் செய்துகொள்வார், மறுநாள் எடுத்துவிடுவார். நிரந்தரமாக எதுவும் செலவில்லை. காம்ப்ரிஹெண்ட் கிளெரிக் பட்டியலில் இல்லை, விசார்ட் பட்டியலில் இருக்கிறது. விதியே வேலையைப் பிரித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

வார்லாக்கின் கணக்கு தலைகீழ். ஐந்தாம் லெவலில் அவருடைய இரண்டு ஸ்லாட்டும் மூன்றாம் லெவல்தான். ரிச்சுவல் வசதி இல்லாத வார்லாக் காம்ப்ரிஹெண்ட் போட்டாலும் அதே மூன்றாம் லெவல் ஸ்லாட்தான் போகும், கூடுதல் பலன் ஏதும் கிடையாது. அதே விலைக்கு டங்ஸ் போடுவதே மேல், அந்த ஸ்லாட்டும் சின்ன ஓய்வில் திரும்பி வந்துவிடும். அந்த லெவலில் அவருக்குத் தெரிந்த மந்திரங்கள் ஆறுதான் என்பதால் அதில் ஒன்றை இதற்குக் கொடுக்க மனம் வருமா என்பது வேறு விஷயம். கிளெரிக் இல்லாத குழுவில் நான் கொடுப்பேன்.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு கூட்டணியையும் சொல்ல வேண்டும். கிரேட் ஓல்ட் ஒன் என்ற சக்தியோடு ஒப்பந்தம் செய்த வார்லாக்குக்கு முதல் லெவலிலேயே 30 அடிக்குள் இருப்பவர் மனத்தில் பேசும் சக்தி உண்டு. எதிராளிக்கு நம் மொழி தெரிய வேண்டியதில்லை, ஏதோ ஒரு மொழி தெரிந்தால் போதும். 2014 விதியில் அது ஒருவழிப் பேச்சு, பதில் கேட்காது. ஆனால் பக்கத்தில் காம்ப்ரிஹெண்ட் போட்ட விசார்ட் நின்றால்? வார்லாக் மனத்தில் கேட்கிறார், எதிராளி வாய்விட்டுப் பதில் சொல்கிறார், விசார்ட் கேட்டுச் சொல்கிறார். ஒரு ஸ்லாட்டும் செலவழிக்காமல் டங்ஸின் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. கூடுதலாக, இதில் ரகசியமும் உண்டு.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காம்ப்ரிஹெண்ட் தலைக்கவசம் கிடைத்தால் வேண்டிய போதெல்லாம் அந்த மந்திரத்தைப் போட்டுக்கொள்ளலாம், அட்டியூன்மென்டும் (பொருளோடு பிணைத்துக்கொள்வது) வேண்டாம். ஆனால் கிடைப்பது டிஎம் கையில். லிங்குவிஸ்ட் என்ற ஃபீட் (சிறப்புத் திறன்) மூன்று மொழிகளைத் தரும். மனங்களை இணைக்கும் டெலிபதிக் பாண்ட் ஐந்தாம் லெவல் மந்திரம், அதைப் பற்றி இப்போது பேசிப் பயனில்லை.

மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்வது பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். திறமையான கூலியாளுக்கு நாளொன்றுக்கு 2 பொற்காசு. மந்திரத்தோடு ஒப்பிட்டால் இது மலிவு, ஆனால் அந்த ஆள் சொல்வதைத்தான் இரு பக்கமும் நம்ப வேண்டும். கரும்புத் தோட்டங்களில் சிர்தார்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. முதலாளிக்கும் கூலிக்காரர்களுக்கும் நடுவில் நின்றவர் அவர். போர்ட் லூயிஸில் ஒப்பந்தக் கூலிகளின் துறையான ஆப்பிரவாசி காட்டில் வந்திறங்கிய எத்தனையோ பேருக்கு, மேலிடத்தின் பேச்சு அவர் வாய்வழியாகத்தான் வந்து சேர்ந்தது. நடுவில் நிற்பவர் கையில் எவ்வளவு அதிகாரம் சேரும் என்று ஒரு டிஎம் காட்ட விரும்பினால், கூலிக்கு வந்த மொழிபெயர்ப்பாளரைவிட நல்ல பாத்திரம் கிடைக்காது. அப்படிப்பட்டவர் ஒருவர் எங்கள் கதையில் வந்தார். விசார்ட் முன்கூட்டியே யாருக்கும் தெரியாமல் காம்ப்ரிஹெண்ட் போட்டுக்கொண்டு அவர் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தான். ஆர்க் தலைவர் சொன்னது ஒன்று, எங்களுக்கு வந்து சேர்ந்தது வேறொன்று. அந்த அமர்வு முழுவதும் அந்த ஒரு கண்டுபிடிப்பைச் சுற்றியே ஓடியது.

மொழியை உண்மையாகவே கற்றுக்கொள்ளும் வழியும் விதியில் இருக்கிறது: 250 நாள், நாளுக்கு ஒரு பொற்காசு. பலர் இதைப் படித்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். கதை ஒரே வட்டாரத்தில் நீண்ட காலம் நடக்கப்போகிறது என்றால் யாராவது ஒருவர் இதைத் தொடங்கிவிட வேண்டும் என்பேன். காரணம் சிக்கனம் அல்ல. மொழிக்கு இருக்கும் மதிப்பை நாம் ஆட்டத்தில் விட்டுவிடக் கூடாது. 1998இல் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழின் இடத்தை இந்திக்குக் கீழே இறக்கியபோது நம் மக்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. எதிர்ப்பு எழுந்து, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பெரும்பாலான வீடுகளில் பேசும் கிரியோல் தொடக்கப் பள்ளியில் ஒரு பாடமாக நுழைய 2012 ஆனது. ஒரு மொழியின் இடம் மனிதர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்த நாம், ஆர்க் மொழியை வெறும் தடையாக மட்டும் பார்த்தால் எப்படி?

அதனால் எங்கள் மேசையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். விதிப்புத்தகத்தில் இல்லாதது. டங்ஸ் போட்டுப் பேசுகிறவரின் பேச்சு புரியும், ஆனால் அது மந்திரம் என்று எதிராளிக்கும் தெரியும். அரைகுறையாகவேனும் கற்று, முதல் வணக்கத்தை அவர்கள் மொழியிலேயே சொல்கிறவருக்கு முதல் பெர்சுவேஷன் (இணங்க வைக்கும்) பகடையில் அட்வான்டேஜ் (கூடுதல் சாதகம்). எங்கள் ஃபைட்டர் ஓய்வு நாட்களில் ஆர்க் மாலுமிகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறாள். நாட்கள் இன்னும் நிறைய மிச்சம், ஆனால் இப்போதே துறைமுகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

தேர்ந்தெடுக்கும் முன் டிஎம்மிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இந்த உலகத்தில் காமன் என்ற பொது மொழி எவ்வளவு தூரம் செல்லும்? எல்லா ஊரிலும் எல்லோரும் காமன் பேசுவார்கள் என்றால் இரண்டு மந்திரமும் வேண்டாம், ஃபயர்பாலுக்குப் போங்கள். பழைய எழுத்துகளும் இடிந்த கோயில்களும் நிறைந்த கதையா, அப்போது காம்ப்ரிஹெண்ட் இல்லாமல் கிளம்பவே கூடாது. அரசவை, தூது, உடன்படிக்கை என்று ஓடும் கதையில் டங்ஸ் போடத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

சார்சரர் மட்டுமே மந்திரம் போடுகிற குழுவுக்கு இரண்டில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்தாம் லெவலில் அவருக்கும் ஆறு மந்திரங்கள்தான், ரிச்சுவலும் இல்லை. 2 பொற்காசு கொடுத்து ஆளை வைத்துக்கொண்டு, அந்த ஆளின் முகத்தைப் படிக்க இன்சைட்டில் தேர்ந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துவது போதும்.

தம்பிக்குச் சொன்னது இது: லெவலுக்குக் கிடைக்கும் இரண்டு மந்திரங்களில் ஃபயர்பாலையும், எதிரியின் மந்திரத்தைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல்லையும் எடுத்துக்கொள். அடுத்த துறைமுகத்தில் காம்ப்ரிஹெண்ட் சுருள் விற்கிறார்களா என்று விசாரித்து 50 பொற்காசை ஒதுக்கி வை. டங்ஸ் பற்றிக் கவலைப்படாதே, அது கிளெரிக் ஆடும் அண்ணனின் பொறுப்பு. அண்ணன் சம்மதித்துவிட்டார், ஆனால் முதல் நாள் இரவே சொல்லிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.